இரண்டு கஸ்கற் போட்ட கார்

நான் என் உழைப்பின் பெரும்பகுதியைக் கொடுத்த வாகனப் பணிமனை ஒரு சிறப்பு மலர் வெளியிடப்போகிறது. அதன் பொருட்டு, இப்போது அங்கே பொறுப்பிலிருக்கும் இளையவர் இருவர் சென்ற மாதம் கிளிநொச்சியிலுள்ள என் வீட்டுக்கு வந்தனர்.

"தடைக்காலத்திலை பெற்றோல் காருகளை மண்ணெண்ணெயிலை ஓடவிட்டதை நீங்கள்தான் ஐயா எழுதவேணும். கையாலை செய்த ஆக்களிலை நீங்கள் ஒராள்தான் எழுதக்கூடியவர்" என்றார் ஒருவர்.

"கொஞ்சம் பெருமையா எழுதுங்கோ" என்றார் மற்றவர்.

அவர்கள் கேட்டதை எழுதுகிறேன். ஆயினும் அந்த வித்தையை நான் இறுதியாகச் செய்தது தடைக்காலத்தில் அன்று. பாதைகள் திறந்து, கடைகள் நிறைந்து, நான் ஓய்வும் பெற்ற பின்னர், தேவையே இல்லாத ஒரு காருக்கு அதைச் செய்தேன். அந்தக் காரைப் பற்றி எழுதாமல் முன்னையதை மட்டும் எழுதினால், மலரில் என் படத்துக்குக் கீழே பாதி உண்மைதான் அச்சாகும். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன். பெருமைக்கு இதில் இடம் குறைவு.

தமிழாசிரியனாக வரவேண்டுமென்று இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பயின்றவன் நான். தந்தையார் படுக்கையில் விழுந்ததால் பணிமனையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கை கறுத்தது, காது கூர்மையானது. என்னைத் தொழிலாளியாக்கியவர் அருளையா.

பணிமனையின் தலைமைத் தொழிலாளரைப் 'போமன்' என்று அழைப்பது எங்கள் வழக்கம். அருளையா பெரிய போமன். வெள்ளை முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டியபடியே எஞ்சினுக்குள் கைவிடுவார். சட்டையில் கறை பட்டதை எவரும் கண்டதில்லை. ஏசமாட்டார். பிழை என்ற சொல்லையே பயன்படுத்தமாட்டார். நாங்கள் பூட்டிய எஞ்சினில் ஏதேனும் குறை கண்டால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடிப்பதற்குள் நாங்கள் பூட்டிய அனைத்தையும் கழற்றத் தொடங்கியிருப்போம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வருவது நின்ற காலத்தில், மண்ணெண்ணெயே கிடைத்தது. அதுவும் அளந்துதான் கிடைத்தது. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றும் கார்கள் நின்றுவிடாமல் இருக்கவேண்டும். அருளையா கையாண்ட முறையை, மலர்க்குழுவினர் விரும்பியவாறு, படிப்படியாகச் சொல்கிறேன்.

பெற்றோல் எஞ்சின், காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உருளைக்குள் நெருக்கிப் பின்னர் தீப்பொறி கொடுக்கிறது. மண்ணெண்ணெய் அந்த நெருக்கத்தைத் தாங்காது. தீப்பொறி வருமுன்னரே தானாக வெடிக்கும். வெடிப்பது வெளியே கேட்கும்போது, உள்ளேயிருந்து யாரோ சிறு சுத்தியலால் அடிப்பதுபோல் இருக்கும். அதனைத் 'தட்டல்' என்போம். தட்டலோடு ஓடும் எஞ்சின் நெடுநாள் வாழாது. எனவே நெருக்கத்தைக் குறைக்கவேண்டும். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே 'கஸ்கற்' என்னும் மெல்லிய அடைதகடு ஒன்று உண்டு. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டை வைத்தால் தலை சற்று உயரும், உள்ளே இடம் கூடும், நெருக்கம் தளரும். எஞ்சின் சாதுவாகிவிடும்.

புதிய கஸ்கற் கிடையாது. பழையவை இரண்டை எடுத்து, நடுவே அலுமினியத் தகடு ஒன்றை வைப்போம். அந்தத் தகட்டை எஞ்சினின் மேலே விரித்து, ஓரங்களை உருண்டைமுனைச் சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, துளைகளும் விளிம்பும் தாமாகவே வெட்டுப்படும். இருபுறமும் வெள்ளிப்பூச்சுப் பூசிக் காயுமுன் இறுக்கவேண்டும். எண்ணெய் வரும் செப்புக்குழாயைப் புகைக்குழாயில் சுற்றிவிட்டால் மண்ணெண்ணெய் சூடாகி உள்ளே போகும். முதல் இயக்கத்துக்கு மட்டும் சிறிதளவு பெற்றோல் வேண்டும். அதனைச் சேலைன் போத்தலில் ஊற்றி எஞ்சின் மூடிக்குள் தொங்கவிட்டு, அந்தப் போத்தலின் குழாயாலேயே, காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேற்றருக்குள் சொட்டவிடுவோம். எஞ்சின் பிடித்ததும் குழாயை நெரித்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கண் எரியும், வெண்புகை தெருவை மறைக்கும், கார் ஓடும்.

வேலை முடிந்ததும் அருளையா ஒரு கிளாசில் தண்ணீர் நிறைத்து, ஓடும் எஞ்சினின் மேல் வைப்பார். தண்ணீர் சிந்தாமல் நின்றால் தலையை அசைப்பார். அந்தத் தலையசைப்புக்காக நாங்கள் எதையும் செய்வோம்.

ஒருமுறை ஒரு பயிற்சித் தொழிலாளி, "இந்த எண்ணெயிலை எந்த எஞ்சின் ஐயா ஒழுங்கா ஓடும்?" என்று சலித்துக்கொண்டான். அருளையா கண்ணாடியைக் கழற்றவில்லை.

"எண்ணெயைக் குறை சொல்லாதை, தம்பி. எண்ணெய் எங்கட கையிலை இல்லை. எஞ்சின்தான் எங்கட கையிலை" என்றார்.

அந்தச் சொல்லை நான் என் தொழிலின் முதல் விதியாகக் கொண்டேன். அவர் மறைந்த பின்னர் நான் போமன் ஆனபோது, எனக்குக் கீழே வந்த ஒவ்வொருவருக்கும் அதைச் சொன்னேன். அது ஒரு காலத்துக்குரிய விதி என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. காலம் மாறியதைக் காண அவர் இருக்கவுமில்லை.

இனி அந்தக் கார்.

உருத்திரபுரத்தில் வயல் செய்யும் கதிரவேல் அண்ணர் இளமையில் கொழும்பில் ஒரு வணிகரின் சாரதியாக இருந்தவர். அந்த வணிகர் கார்ப்பந்தயப் பிரியர். நாட்டை விட்டுப் போனபோது தம் பந்தயக் காரை இவருக்கே விட்டுச் சென்றார். தாழ்ந்த உடல், அகன்ற சில்லுகள், இரட்டைக் காபரேற்றர், பிறந்த நாளிலேயே நெருக்கம் கூட்டிக் கட்டப்பட்ட எஞ்சின். மலைநாட்டில் நடக்கும் மலையேற்ற ஓட்டத்தில் கதிரவேலர் அதனை ஒருமுறை ஓட்டியிருக்கிறார். உச்சிக்கு முந்திய வளைவில் கிளச் கம்பி அறுந்துவிட்டது. பின்னர் நாடு குழம்பியது. பாதை மூடுமுன் காரைத் தடைக்கு வெளியே செட்டிகுளத்திலிருந்த தமக்கையார் வீட்டு நெற்கொட்டிலில் படங்குத் துணியால் மூடி விட்டுவிட்டு, இவர் வன்னிக்குள் நின்றுவிட்டார். ஆகவே வன்னியின் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெய் குடித்த ஆண்டுகளில் இந்தக் கார் உறங்கிக்கொண்டிருந்தது. தடைக்காலத்தை அறியாத எஞ்சின் என் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அவர் தம் மகள் தமயந்தியோடு என் வீட்டுக்கு வந்தபோது முதலில் கண்ணைப் பற்றித்தான் சொன்னார்.

"கண் நரம்பு பட்டுக்கொண்டு போகுதாம், போமன். இந்த லைசென்ஸ் முடியுமட்டும் பகலிலை ஓடலாம், அடுத்தமுறை கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வாற சித்திரைக்குப் பிறகு நான் பக்கத்துச் சீற்றுக்காரன்."

மலைநாட்டில் பழைய கார் வைத்திருப்போர் அந்த மலையேற்றத்தை மீண்டும் நடத்தத் தொடங்கியிருந்தனர். அந்த ஆண்டின் ஓட்டம் அவருடைய அனுமதிப்பத்திரம் முடிவதற்குச் சற்று முன்னர் வந்தது. அன்று விட்ட வளைவைத் தாண்டவேண்டும் என்பதே அவருடைய விருப்பம். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

தமயந்தி, "கொழும்புப் பக்கம் அனுப்புவம் எண்டு நான் சொல்லுறன், மாமா. உந்தக் காருகளுக்கெண்டே அங்கை ஆக்கள் இருக்கினமாம்" என்றாள்.

"ஏன் பிள்ளை, எங்களுக்குக் கை இல்லையோ?" என்று நான் கேட்டேன். "மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஊர் இது. பெற்றோல் காரைத் திருத்த அங்கை கொண்டு போறதோ? வன்னிக்குள்ளையே ஆக்களைப் பிடிச்சுச் செய்து தாறன்."

கதிரவேலர் சிரித்தார். "கேட்டியோ பிள்ளை? போமன் சொல்லியாச்சு. இனிக் கதை இல்லை" என்றார்.

அப்படியே உதவி தேடிப் புறப்பட்டோம். கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த, கார் திருத்தும் கராச் ஒன்றில், கணினிப் பெட்டியோடு ஓடிவந்த இளைஞர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுக்கு எங்கை ஐயா வயர் குத்துறது?"

"குத்த இடமில்லை" என்றேன்.

"அப்ப என்ன வருத்தமெண்டு என்னெண்டு தெரியும்? மற்றக் காரெல்லாம் தன்ர வருத்தத்தைத் தானே சொல்லும்."

"கார் எல்லாத்தையும் சொன்னால் உமக்கு என்ன வேலை, தம்பி?" என்றார் கதிரவேலர். அந்த இளைஞரும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தேநீர் வாங்கித் தந்து அனுப்பினார்.

செட்டிகுளத்தில் கடைசல் வேலை செய்யும் ஒருவர் வால்வுகளுக்குப் புது இருக்கை கடைந்து தந்தார். இரட்டைக் காபரேற்றரை ஒத்திசைக்கத்தான் ஆள் அகப்படவில்லை. இறுதியில் கொக்கிளாயில் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்தும் யோசேப்பின் பெயர் நினைவுக்கு வந்தது. அந்த எஞ்சின்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட காபரேற்றர் உண்டல்லவா? காரை அங்கே கொண்டுபோனோம். யோசேப்பு ஒரு துண்டு றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேற்றரின் வாயிலும் வைத்துக் கண்ணை மூடினார். ஒன்றின் மூச்சைக் கேட்பார். மற்றதின் மூச்சைக் கேட்பார். திருகாணியை மயிரளவு திருப்புவார்.

"ரெண்டும் ஒரு சுருதிக்கு வந்திட்டுது. இனிக் கடலிலை இறக்கலாம்" என்றார்.

"இது மலைக்குப் போறது" என்றார் கதிரவேலர்.

"அப்ப நங்கூரத்தைக் கழட்டி வைச்சிட்டுப் போங்கோ, அண்ணை."

அன்று எனக்குள் எழுந்த பெருமிதத்தை இப்போதும் உணரமுடிகிறது. கொழும்புக்குப் போகவில்லை. கொக்கிளாய்க் கடற்கரையில், செட்டிகுளத்துக் கடைசற் பட்டறையில், என் வீட்டு முற்றத்து வேம்பின் கீழே, ஒரு பந்தயக் கார் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது.

எல்லாம் பூட்டிப் பரந்தன் வீதியில் ஓட்டிப் பார்த்தோம். கதிரவேலர் காலை அழுத்திய இடத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து அந்தச் சிறு சுத்தியல் அடிக்கத் தொடங்கியது. தட்டல். காலை எடுத்தால் நின்றது, அழுத்தினால் அடித்தது. திரும்பி வந்து, வேம்பின் கீழே மூடியைத் திறந்துகொண்டு நின்றோம்.

"மாமா, பெற்றோல்தான் சரியில்லையோ?" என்று கேட்டாள் தமயந்தி.

நான் சிரித்தேன். அருளையாவின் சொல்லை அவருடைய குரலிலேயே சொன்னேன்.

"எண்ணெயைக் குறை சொல்லாதை, பிள்ளை. எண்ணெய் எங்கட கையிலை இல்லை. எஞ்சின்தான் எங்கட கையிலை."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அயலில் இருந்த, என்னிடம் முன்பு வேலை செய்த ஒருவர், "பழைய வைத்தியம்தானே, போமன்?" என்று ஆவலோடு கேட்டார். ஓம் என்றேன்.

எஞ்சினின் தலையைக் கழற்றி இரண்டு கஸ்கற் போட்டேன். இம்முறை இரண்டும் புதியவை, கடையில் வாங்கியவை. நடுவே அலுமினியத் தகடு. சுத்தியலால் ஓரம் தட்டி, வெள்ளிப்பூச்சுப் பூசி, காயுமுன் இறுக்கினேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் கை எதையும் மறக்கவில்லை என்று மகிழ்ந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, கிளாசில் தண்ணீர் நிறைத்து மேலே வைத்தேன். சிந்தவில்லை. கைதட்டினார்கள். அருளையா இருந்தால் தலையசைத்திருப்பார் என்று நினைத்தேன்.

கதிரவேலர் பரந்தன்வரை போய் வந்தார். இறங்கி, கதவைச் சாத்தி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தட்டல் இல்லை" என்றார்.

அவர் அவ்வளவுதான் சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். தட்டலைத் தவிர வேறு எதுவெல்லாம் அந்தக் காரில் இப்போது இல்லை என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

மலையேற்ற நாளில் பனி முற்றாக விலகியிருக்கவில்லை. ஓட்டுநரோடு ஒருவர் மட்டும் அமரலாம் என்றதால், தமயந்தி கீழே நிற்க, நான்தான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வரிசையில் நின்ற கார்களுள் வடக்கிலிருந்து வந்தது எங்களுடையது ஒன்றே. "எங்கே திருத்தினீர்கள்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கதிரவேலர் என்னைத் தொட்டுக் காட்டினார். "எங்கட போமன். எங்கட ஊரிலையே செய்தது" என்றார்.

கொடி இறங்கியது. முதல் ஏற்றத்தில் கார் போதிய விசையோடு போனது. இரண்டாவது வளைவில் எஞ்சினின் குரல் கனத்தது. மலையில் காற்று அடர்த்தி குறைவு. அதனால் எந்த எஞ்சினும் அங்கே சற்று இளைக்கும். இளைத்தாலும் ஏறுமளவுக்கு நெருக்கம் கூட்டித்தான் அந்த எஞ்சினைக் கட்டியிருந்தார்கள். அந்த நெருக்கத்தை நான் இரண்டாவது கஸ்கற்றால் தளர்த்தியிருந்தேன்.

கதிரவேலர் பதறவில்லை. பார்வை குறைந்த கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல், தமக்குத் தாமே சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார்.

"மூண்டு." சற்றுத் தூரம் போனோம். "ரெண்டு." வீதியோரத்தில் நின்ற தேயிலைச் செடிகளை எண்ணிவிடக்கூடிய வேகம். "ஒண்டு."

கார் ஏறவில்லை, ஏறுவதற்கு முயன்றது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அலுமினியத் தகட்டின் ஓரத்தால் நீர் கசியத் தொடங்கிவிட்டதென்று மணத்தால் அறிந்தேன். அன்று கிளச் அறுந்த வளைவு எதிரே தெரிந்தது.

"இதுக்குக் கீழை கியர் இல்லை, போமன்" என்றார் அவர்.

கார் நின்றது.

எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட, எங்களுடையதில் பாதி வலுவுமில்லாத ஒரு சின்னக் கார், ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டு வளைவில் மறைந்தது. வேலியோரம் நின்ற தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தனர்.

"தள்ளி விடட்டுங்களா, அண்ணே? வெக்கப்படாதீங்க, இந்த மேட்டுல எல்லா வண்டியும் ஒருக்கா நிக்கும்" என்றார் ஒருவர்.

எல்லா வண்டியும் நிற்கவில்லை. எங்களுடையது மட்டுமே நின்றது. அவர்கள் காரைத் தள்ளிப் பாதையின் அகன்ற ஓரத்தில் சேர்த்ததும், பார்வையாளர் அனைவரும் அன்போடு கைதட்டினார்கள். வேம்பின் கீழே கேட்ட கைதட்டலும் இந்தக் கைதட்டலும் ஒரே ஓசையுடையவை. நான் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

எஞ்சின் ஆறிய பின், நீர் ஊற்றி ஊற்றி, ஏற்றங்களில் மெதுவாகவும் இறக்கங்களில் இன்னும் மெதுவாகவும் வீடு திரும்பினோம். தமயந்தி ஓட்டினாள். தகப்பனார் அவளருகில் இருந்தார். நான் பின்னிருக்கையில் இருந்தேன். காருக்கு வயதாகிவிட்டது, மலை பெரிது, காற்று மெலிது என்று வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்.

கிளிநொச்சிக்குள் நுழைந்ததும், என் வீட்டுக்குப் போகும் சந்தியிலுள்ள எரிபொருள் நிலையத்தில் தமயந்தி காரை நிறுத்தினாள். நான் நாள்தோறும் கடந்துபோகும் இடம் அது. எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் வரிசையில் நின்று, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போன இடம். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, குனிந்து கேட்டாள்.

"எதை அக்கா அடிக்கிறது? தொண்ணூத்திரண்டோ, தொண்ணூத்தைஞ்சோ?"

"எது எண்டாலும் அடியுங்கோவன்."

"இல்லை, உங்கட கார் பாக்க ரேஸ் கார் மாதிரிக் கிடக்கு. அதுதான் கேட்டனான். பிறகு என்னைப் பேசக்கூடாது!"

அவள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. என்னிடமும் பலமுறை கேட்டிருப்பாள். நான் காதில் வாங்காமல் "ஏதோ ஒண்டு" என்றிருப்பேன். அந்த எண்கள் எரிபொருள் எவ்வளவு நெருக்கத்தைத் தட்டாமல் தாங்கும் என்பதைக் குறிப்பவை. எண் உயர உயரத் தாங்கும் ஆற்றல் உயரும். இதை நான் பிறர் சொல்லி அறியவில்லை. பயிற்சித் தொழிலாளருக்கு நானே வகுப்பெடுத்த பாடம் இது. சுண்ணக்கட்டியால் எழுதி, வினாத்தாளில் கேட்டு, புள்ளியிட்ட பாடம். பரந்தன் வீதியில் தட்டல் கேட்ட அன்று, இந்தச் சந்திக்கு வந்து மற்றக் குழாயால், தொண்ணூற்றைந்தை நிரப்பியிருந்தால் போதும். எஞ்சினில் ஒரு திருகாணியையும் தொட்டிருக்கத் தேவையில்லை. எண்ணெய் எங்கள் கையில் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு மட்டும் வந்திருக்கவில்லை.

தமயந்தி கண்ணாடியினூடாக என்னைப் பார்த்தாள். "மாமா, எதை?" என்றாள்.

"வழமையானது போதும்" என்றேன். இரண்டு கஸ்கற் போட்ட எஞ்சினுக்கு அது உண்மையில் போதும். அந்த விடை சரியாக இருந்ததையே என்னால் பொறுக்கமுடியவில்லை.

மறுநாட் காலை உருத்திரபுரத்துக்குப் போனேன். கதிரவேலர் வாய்க்கால் வரம்பில் நின்று வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: தட்டல் எதனால் வந்தது, நான் என்ன செய்தேன், என்ன செய்திருக்கவேண்டும், உம்முடைய மகள் அன்று கேட்ட கேள்வியே சரியான கேள்வி. இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த ஒழுங்கும் அப்போது எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் மண்வெட்டியை வரம்பில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப கார் சரியாத்தான் இருந்ததோ?"

"ஓம், அண்ணை."

"நானும் சரியாத்தான் ஓடினனோ?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தாமே சொன்னார்.

"ரெண்டாவது வளைவு எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சது, காணும். கண்ணாலை பிந்திப்போய்க் கியரை மாத்திப்போட்டன், அதுதான் கார் இழுக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான். ராத்திரி முழுக்க அந்த வளைவைத்தான் திருப்பித் திருப்பி எடுத்தனான்."

நான் வழியெல்லாம் காரையும் மலையையும் காற்றையும் குறைசொல்லி வந்தபோது, அவர் தம் கண்ணைக் குறைசொல்லிக்கொண்டு "ஓம், ஓம்" என்று வந்திருக்கிறார். என் முகம் எப்படி இருந்ததோ அறியேன். "சரி, சரி. சேத்துக்குள்ளை நிக்கவேண்டாம், மேலை வாரும்" என்று என் கையைப் பிடித்து வரம்பில் ஏற்றிவிட்டார்.

அந்த வாரமே தலையைக் கழற்றி, இரண்டையும் எடுத்து எறிந்துவிட்டு, ஒரே ஒரு கஸ்கற் போட்டேன். தண்ணீர்க் கிளாசு வைக்கவில்லை. சந்தி நிலையத்தில் மற்றக் குழாயால் நிரப்பினோம். பரந்தன் வீதியில் தமயந்தி காலை அழுத்தியபோது, அந்த எஞ்சின் எழுப்பிய குரலை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. அடிவயிற்றில் தொடங்கி மேலே மேலே ஏறி, இனிமேல் இல்லை என்று நாம் நினைக்கும் இடத்தையும் தாண்டி ஏறியது. கதிரவேலர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கியரை இடக்கையால் மாற்றிக்கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு மலையேற்றத்துக்குள் அவருடைய அனுமதிப்பத்திரம் முடிந்துவிட்டது. தமயந்தி ஓட்டினாள், கார் அந்த வளைவைத் தாண்டி உச்சிக்குப் போனது. அவர் பக்கத்தில் இருந்தார். ஓட்டியவர் அவரல்லர்.

மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்கும்படி இளையவர்களை அனுப்பியவரும் அவரே என்று பின்னர் அறிந்தேன். "எங்கட போமன் இல்லாட்டி இந்தக் கார் இல்லை" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், மலைப்பாதையின் ஓரத்தில் அவிழாத காலணிக் கயிற்றைக் கட்டியவனாக நான் மீண்டும் குனிகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது, தந்தையும் மகளும் என்னையும் ஏற்றிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. சந்தியில் எண்ணெய் அடிக்க நிறுத்துவார்கள். அந்தப் பிள்ளை குழாயோடு வந்து குனிவாள். தமயந்தி விடை சொல்லமாட்டாள். கதிரவேலர் கழுத்தைத் திருப்பி, பின்னிருக்கையிலிருக்கும் என்னைப் பார்த்து, மரியாதையோடு கேட்பார்:

"எதை அடிப்பம், போமன்?"

நான் சொல்வேன். எல்லோரும் கேட்கச் சொல்வேன். அவர் அதைக் கேலியாகக் கேட்கிறாரா, இன்னும் என்னையே நம்பிக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேலியாக இருக்கவேண்டுமென்றே விரும்புகிறேன்.